குடிக்காதவரின் கணையம்

"ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பீங்க?"

அப்பாவிடம் இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் சங்கரன்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டாக்டர். அது ஐப்பசி மாதம். அன்று காலை ஊருக்குத் தெற்கே தரிசில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அப்பா, மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே குத்தவைத்துவிட்டார். வலி முதுகு வரை குத்தியிருக்கிறது. பக்கத்துக் காட்டில் உளுந்துக்குக் களையெடுத்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்து, பைக்கில் இரண்டு பேருக்கு நடுவில் உட்காரவைத்துக் கொண்டுவந்து சேர்த்தார்கள். நான் பாடம் நடத்திக்கொண்டிருந்த பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிப் போனபோது, அவர் கட்டிலில் முழங்காலை மார்போடு மடக்கிப் படுத்திருந்தார். காலில் காய்ந்த கரிசல் மண் அப்படியே இருந்தது.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருந்தது. கணையம் வீங்கியிருக்கிறது என்றார் டாக்டர். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி.

"நான் குடிக்க மாட்டேன் டாக்டரே."

"எப்பவாவது? கல்யாணம், கோயில் கொடை?"

"கொடைக்கு நாங்க விரதம்லா இருப்போம்."

டாக்டர் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க மகளா? என்ன படிச்சிருக்கீங்க?"

"எம்.எஸ்ஸி. விலங்கியல்."

"அப்போ உங்களுக்கே தெரியும். நம்ம பக்கம் ஆம்பளைங்களுக்குக் கணையம் வீங்குச்சுன்னா பெரும்பாலும் ஒரே காரணம்தான்."

நான் தலையாட்டினேன். ஒரு டாக்டர் என்னைத் தனக்குச் சமமாக வைத்துப் பேசுகிறார் என்ற சந்தோஷம் அந்தத் தலையாட்டலில் இருந்தது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் ஆங்கிலத்தில் இரண்டு வரி இருந்தது. மதுவால் வந்த கணைய வீக்கம் என்று ஒரு வரி. குடிப்பழக்கம் இருப்பதை நோயாளி மறுக்கிறார் என்று இன்னொரு வரி.

"என்ன எழுதியிருக்காவ?" என்று அப்பா கேட்டார்.

"கணையத்துல வீக்கம்னு போட்டிருக்கு. எண்ணெய்ப் பலகாரம் கூடாதாம்."

"அம்புட்டுத்தானா?"

"அவ்வளவுதான்."

என் வாழ்க்கையில் அப்பாவுக்கு ஒரு தாளைத் தப்பாகப் படித்துக் காட்டியது அதுதான் முதல் முறை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. ஆறாம் வகுப்பிலிருந்தே ரேஷன் கார்டு, ஆட்டு இன்சூரன்ஸ், கிராம நிர்வாக அலுவலரின் நோட்டீஸ் எல்லாவற்றையும் நான்தான் படித்துச் சொல்வேன். தெருவில் மற்றவர்களும் தாளை நீட்டிக்கொண்டு வாசலில் நிற்பார்கள். நான் வாசித்தால் அது அப்படித்தான். அப்பா எதிர்க் கேள்வி கேட்டதே இல்லை. அச்சடித்த எழுத்து பொய் சொல்லாது என்று அவர் நம்பியதைவிட நான் அதிகம் நம்பினேன். அதனால் அந்தத் தாளுக்கும் அப்பாவின் வாய்க்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிவந்தபோது, நான் தாளைத்தான் எடுத்தேன்.

அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அப்பா பிராந்திக் கடைக்குப் போவார். அது ஊருக்கே தெரியும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் செம்மறி குட்டி போடும். திறந்த வெளியில் நனைந்த குட்டி, பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் விறைத்துவிடும். அப்போது பிராந்தியை வெந்நீரில் கலந்து ஒரு துளி வாயில் விட்டு, சாக்கால் உடம்பைத் தேய்த்துவிடுவார்கள். எங்கள் பக்கம் ஆட்டுக்காரர்கள் பலரும் செய்வதுதான். அப்பாவும் மழைக்கு முன்னால் வரிசையில் நின்று ஒரு குவாட்டர் பாட்டில் வாங்கிவருவார். துண்டில் சுற்றி, மந்தைக்குக் கொண்டுபோகும் பையில் வைத்திருப்பார். பாட்டில் குறைந்துகொண்டே வரும். குட்டிக்குத்தான் குறைந்தது என்பதற்கு மந்தையில் அவரைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

தை மாதம் இரண்டாம் தடவை வலி வந்தது. அதே ஆஸ்பத்திரி, அதே கேள்வி. அம்மாவின் தம்பி, என் மாமா, விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்ப்பவர், பார்க்க வந்தார். கையில் ஆரஞ்சுப் பழப் பையோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"என்ன அத்தான், குட்டிக்கு ஊத்துனது நமக்கும் கொஞ்சம் சிந்திருச்சோ?"

பக்கத்துக் கட்டில்காரர்கூடச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

"ஏலே, நீ பாத்தியா?"

"நான் எங்க பாத்தேன். டாக்டருல்லா பாத்திருக்காரு. மிஷினு பொய் சொல்லுமா?"

"மிஷினு வீங்கியிருக்குன்னுதான சொல்லுது. குடிச்சான்னா சொல்லுது?"

"சரி, வுடும். மழை, குளிரு, தனியா கெடக்கீரு. ஒரு மூடி போட்டா என்ன குத்தமா? ஒத்துக்கிட்டா அதுக்குத் தக்கன மருந்து குடுப்பாங்கல்லா."

மாமா கெட்டவர் இல்லை. அக்கா புருஷனைக் கேலி செய்யும் உரிமை அவருக்கு உண்டு, அந்த உரிமையில்தான் பேசினார். ஆனால் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அம்மா கோயில் புற்றுமண்ணைக் குழைத்து அவர் வயிற்றில் தடவிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் நான் தரிசுக்கு அவரைத் தேடிப் போனேன். அவர் வேலிக்கருவை நிழலில் நின்றுகொண்டிருந்தார்.

"அப்பா, எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன்."

என்ன கேட்கிறேன் என்று அவர் விளக்கம் கேட்கவில்லை. கம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு, என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து வாயைத் திறந்து ஊதினார். வெற்றிலை வாசம்தான் வந்தது.

"மோந்து பாத்தியா? போ. புள்ளைகளுக்குப் பாடம் நடத்து."

ஒரு வாரம் என்னோடு அவர் பேசவில்லை. எனக்கும் கோபம்தான். உண்மையைச் சொன்னால் பிழைத்துக்கொள்ளலாமே, இவ்வளவு வீம்பு எதற்கு என்று நினைத்தேன்.

மூன்றாவது தடவை வலி வந்தபோது அந்த ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த ஒரு டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். வழக்கமான கேள்வியை அவரும் கேட்டார். ஆனால் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். கணையத்தின் நடுவில் நீளவாக்கில் ஒரு குழாய் ஓடும், செரிமான நீர் அந்த வழியாகத்தான் குடலுக்குப் போகும், அந்தக் குழாய் இவருக்கு அளவுக்கு மீறி விரிந்திருக்கிறது என்றார். மதுரைக்குப் போய் எண்டோஸ்கோப்பி செய்து பார்த்தால்தான் ஏன் என்று தெரியும் என்றார்.

அந்தச் சாயங்காலம் ஸ்கேன் அறிக்கையில் இருந்த ஒவ்வொரு வார்த்தையையும் போனில் தேடிப் படித்தேன். படித்து முடித்தபோது எனக்கு இரண்டு வழிதான் தெரிந்தது. நெடுநாள் குடித்தவர்களுக்குக் கணையம் சுருங்கி, உள்ளே கல் சேர்ந்து, குழாய் விரியலாம். அப்படியானால் குடியை விட்டு, மருந்து சாப்பிட்டுக் காலத்தை ஓட்டலாம். இன்னொன்று, குழாயின் உள்சுவரில் சிறு சிறு வளர்ச்சிகள் முளைத்துச் சளி போன்ற ஒன்றைச் சுரந்துகொண்டே இருக்கும். சளி அடைத்து, குழாய் விரியும். இன்றைக்கு அது புற்றுநோய் இல்லை. ஆனால் விட்டுவைத்தால் ஆகக்கூடியது. கணையத்தில் அது ஆகிவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் படித்தேன். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அதாவது அப்பா பொய் சொல்லியிருந்தால் தப்பித்தார். உண்மை சொல்லியிருந்தால் மாட்டிக்கொண்டார்.

அப்பா குடித்திருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். சங்கரநாராயணர் சந்நிதியில் நின்று, கண்ணை மூடி, இந்த வேண்டுதலைத்தான் வைத்தேன். எந்தப் பெண்ணும் தன் அப்பாவுக்காக இப்படி ஒன்றை வேண்டியிருக்க மாட்டாள்.

மதுரைக்கு நான், அம்மா, அப்பா, மாமா நான்கு பேரும் போனோம். ஆட்டை என் சித்தப்பா பார்த்துக்கொண்டார். டாக்டர் ஐம்பது வயதை ஒட்டிய பெண். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசாமல், நாற்காலியை அப்பாவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஐயா, கணையம்னா எங்க இருக்குன்னு தெரியுமா?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அப்பாவே கேட்டார்.

"ஆட்டுல ஈரலுக்குக் கீழ, குடலை ஒட்டி வெளிறுன சதை ஒண்ணு கெடக்குமே. நாய்க்குப் போடுவோம். அதா?"

"அதேதான்!" டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு?"

"நாய்க்குப் போடுததுக்கு என்னத்த பேரு வைக்க."

நான் ஐந்து வருஷம் விலங்கியல் படித்தேன். கணையத்தின் படத்தை வரைந்து பாகங்களைக் குறித்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அதை அப்பா எத்தனையோ முறை கையில் எடுத்திருப்பார் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை.

டாக்டர் விளக்கினார். "உங்க கணையம் இரைப்பைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு. வயித்து மேல வச்சுப் பார்த்தா நடுவுல குடலு, காத்து எல்லாம் மறைக்கும். அதனால ஸ்கேன் கருவியவே குழாய் நுனியில வச்சு வாய் வழியா உள்ள அனுப்புறோம். அடுத்த வீட்டுச் சத்தத்தைச் சுவத்துல காது வச்சுக் கேக்குறோம்ல, அது மாதிரி இரைப்பைச் சுவத்துல வச்சு அந்தப் பக்கம் பாக்குறது. தேவைன்னா ஊசி விட்டுக் கொஞ்சம் நீரும் எடுப்போம். மயக்க மருந்து உண்டு, வலிக்காது."

பிறகு அவரும் கேட்டார். "குடிக்கிற பழக்கம் இருக்காய்யா?"

அப்பா வாயைத் திறக்கவில்லை. நாலாவது தடவையாக அதே கேள்வி. தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போது நான் பேசினேன். ஆங்கிலத்தில் பேசினேன். மழைக்காலத்தில் டிரிங்க்ஸ் பழக்கம் உண்டு, பாட்டில் வாங்கிவருவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம், கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று சொன்னேன். திருத்தமாக, இலக்கணப் பிழை இல்லாமல் சொன்னேன். அப்பாவுக்குப் புரியக்கூடாது என்றுதான் அந்த மொழி. அவர் ஆடு மேய்த்து எனக்கு வாங்கிக் கொடுத்த மொழி.

டாக்டர் எனக்குப் பதில் சொல்லவில்லை. ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் திரும்பினார். "ஐயா, மழைக்காலத்துல உங்க வேலை எப்படின்னு சொல்லுங்க. கேப்போம்."

அப்பா மெதுவாக ஆரம்பித்தார். குட்டி விறைப்பது, வாய்க்குள் விரலை விட்டுச் சூடு இருக்கிறதா என்று பார்ப்பது, தாய் ஆடு நக்காவிட்டால் என்ன செய்வது என்று சொல்லிக்கொண்டே போனார். பிராந்திக்கு வந்தார்.

"ஒரு குட்டிக்கு எவ்வளவு?"

"மூடியில கால்வாசி. வெந்நியில விட்டுத்தான். கூடப்போனா குட்டி தலை சுத்திப் படுத்துரும்."

"மிச்சம்?"

"மிச்சம் அடுத்த குட்டிக்கு."

மாமா பின்னால் நின்று இருமினார். டாக்டர் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. "குட்டி ஏதும் பிழைச்சிருக்கா இதுல?" என்று கேட்டார்.

"கொள்ளை குட்டி பொழைச்சிருக்கு டாக்டரம்மா. பொழைக்காட்டா எதுக்கு அந்தக் கடையில போய் நான் வரிசையில நிக்கேன்?"

டாக்டர் நம்பினாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

அப்பாவைப் பச்சை உடுப்பு மாட்டி உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். இடுப்பு அரைஞாண் கயிற்றைக் கழற்ற வேண்டுமா என்று நர்ஸிடம் அவர் கேட்பது கதவு மூடும்வரை கேட்டது. நாங்கள் நீளமான நடைவழியில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தோம். மாமா டீ குடிக்கப் போனார்.

அம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "ஏட்டி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"முந்தின வருசம் கார்த்திகையில உங்கப்பா பையில பாட்டிலு இருந்துச்சு. பாதி இருந்துச்சு. நான் எடுத்துச் சாக்கடையில ஊத்திட்டேன்."

"அப்பா கேக்கலையா?"

"அன்னைக்கு ராவு நல்ல மழை. விடியக்காலம் வந்தாரு. ரெண்டு குட்டிய சாக்குல சுத்திக் கொண்டாந்து முத்தத்துல போட்டாரு. ரெண்டும் செத்துருச்சு. என்னயப் பாத்தாரு. ஒண்ணும் கேக்கல. போயி குழி தோண்டுனாரு."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்ல? குட்டி செத்ததைப் பாத்தப் பொறவும் எனக்கு நம்பிக்க வரலட்டி. பாட்டிலு இல்லாத நாளுல அவருக்குக் கை நடுங்குதான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவள் பாட்டிலைக் கொட்டினாள், நான் ஆங்கிலம் பேசினேன். யார் அவருக்குச் செய்தது பெரிது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் என் பங்கைச் சொல்லும் தைரியமும் எனக்கு அப்போது வரவில்லை.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிறகு என்னை மட்டும் கூப்பிட்டார்கள். டாக்டர் திரையில் நிறுத்தி வைத்திருந்த படங்களைக் காட்டினார்.

முதல் படம் கணையக் குழாய் குடலில் திறக்கும் இடம். வழக்கமாக அந்தத் துவாரம் கண்ணுக்கே சரியாகத் தெரியாதாம். அப்பாவுக்கு அது மீன் வாய் போலத் திறந்து கிடந்தது. அதிலிருந்து கண்ணாடி போல ஒரு கோழை கொழகொழவென்று வழிந்துகொண்டிருந்தது. அடுத்தது கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் படம். விரிந்த குழாய் கறுப்பாகவும், அதன் உள்சுவரில் ஓரிடத்தில் ஒரு சிறு மேடு சாம்பல் நிறத்திலும் தெரிந்தன. ஊசியில் எடுத்த நீரை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து இழுத்துப் பார்த்தபோது பாகு மாதிரி நூலாக நீண்டது என்றார் டாக்டர்.

"கல் எதுவும் இல்ல. குடிச்சுச் சுருங்கின கணையம் இப்படி இருக்காது. இந்த வளர்ச்சிதான் சளியைச் சுரக்குது. சளி குழாயை அடைக்கிறப்பல்லாம் வீக்கம் வந்திருக்கு. மூணு தடவையும் அதனாலதான்."

"அப்போ அப்பா..."

"அவர் சொன்னது உண்மைம்மா."

நான் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். வழிந்துகொண்டிருந்த அந்தக் கோழை, படமாக உறைந்து நின்றது.

"இது புற்றுநோயா மேடம்?"

"இப்பவே அப்படின்னு சொல்ல எதுவும் தெரியல. ஆனா பெரிய குழாய்லயே இருக்கு, மேடும் தட்டியிருக்கு. இப்படி இருக்கறதை நாங்க விட்டுவைக்க மாட்டோம். நீரோட சோதனை முடிவு வரட்டும். என் கணிப்பு, ஆபரேஷன் பண்ணி அந்தப் பாகத்தை எடுத்துரணும். காலத்துல கண்டுபிடிச்சிருக்கோம். அதை மனசுல வச்சுக்கங்க."

மயக்கம் தெளிந்து அப்பா உட்கார்ந்ததும் டாக்டரே வந்து சொன்னார். வளர்ச்சி இருக்கிறது, அது மாறக்கூடியது, வெட்டி எடுக்க வேண்டியிருக்கலாம் என்று எதையும் மறைக்காமல் சொன்னார். அப்பா கரகரத்த தொண்டையோடு முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அப்போ இது குடிச்சு வந்தது இல்லைன்னு ஆச்சுல்லா?"

"இல்லய்யா. நிச்சயமா இல்ல."

"அத ஒரு தாளுல எழுதித் தாங்க. தமிழ்ல."

டாக்டர் சிரிக்கவில்லை. மருந்துச் சீட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, நின்றுகொண்டே எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் வைத்துக் கொடுத்தார். அப்பா அதை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"வெளியில வச்சுப் படி."

நடைவழியில் அம்மாவும் மாமாவும் எழுந்து நின்றார்கள். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் படித்தேன். இவருக்கு ஏற்பட்ட கணைய வீக்கத்துக்குக் காரணம் மது அல்ல. கணையக் குழாயில் உள்ள வளர்ச்சியே காரணம். பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடியது என்பதால் அதை அகற்ற வேண்டியிருக்கும்.

"மேல உள்ளத இன்னொரு தடவ படி."

மேலே உள்ளதை இன்னொரு தடவை படித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒரு குடும்பமும் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா வாயைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். அவள் எந்த வரிக்கு அழுதாள் என்று தெரியவில்லை.

"அத்தான், நான் விளையாட்டுக்குத்தான..." என்று மாமா ஆரம்பித்தார்.

"எத்தன மாசமால விளாடுத? அந்தக் கட்டுல்காரன்லாம் சிரிச்சான்."

"தப்புத்தான்."

"தப்புத்தாம்லா. போ, எனக்கு ஒரு டீ குடுக்கலாமான்னு கேட்டுட்டு வா. காலையிலேருந்து பச்சத்தண்ணி இல்ல."

அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கடைசி வரி அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. எனக்கோ கடைசி வரியைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. நான் வேண்டிக்கொண்டது நடக்கவில்லை. என் அப்பா பொய் சொல்லவில்லை.

சோதனை முடிவு வந்தது. புற்று அணுக்கள் இல்லை, ஆனால் அணுக்கள் மாறத் தொடங்கியிருக்கின்றன என்றார்கள். ஆபரேஷன் வேண்டாம் என்று அப்பா அடம்பிடிப்பார் என நினைத்து, என்னென்ன சொல்லிச் சம்மதிக்க வைக்கலாம் என்று யோசித்து வைத்திருந்தேன். எதுவும் தேவைப்படவில்லை. "அந்த அம்மா சொன்னா சரியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, ஆட்டை யாரிடம் விடுவது என்ற பேச்சுக்குப் போய்விட்டார். தன் வார்த்தையை அந்த அம்மா நம்பினார் என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்திருக்க வேண்டும்.

கணையத்தின் வால் பக்கத்தையும் அதோடு ஒட்டியிருந்த மண்ணீரலையும் எடுத்தார்கள். நாலாம் நாள் அவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வயிற்றின் பக்கவாட்டிலிருந்து ஒரு ரப்பர் குழாய் பைக்குள் போயிற்று.

"என்னென்ன எடுத்தாவளாம்?"

"கணையத்துல பாதி. மண்ணீரலும்."

"மண்ணீரலுன்னா?"

"கறிக்கடையில சுவரொட்டின்னு கேட்டு வாங்குவாங்கல்லா, அது."

"சுவரொட்டியும் போச்சா!" என்று சிரிக்கப் போய், தையல் இழுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "நல்ல ருசியான சாமானுல்லா அது."

எடுத்த பாகத்தைச் சோதித்த முடிவு மறுநாள்தான் வந்தது. அணுக்கள் புற்றுக்கு முந்தின கடைசி நிலை வரை மாறியிருந்தன, ஆனால் புற்றுநோயாகவில்லை. மிச்சமுள்ள குழாயில் மறுபடி முளைக்கிறதா என்று காலம் முழுவதும் குறித்த நாளில் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும், சர்க்கரை நோய் வரலாம் என்றார்கள். ஆனால் முடிவு வருவதற்கு முன்னால், அந்த நாலாம் நாளே, நான் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். நல்ல செய்தி வந்த பிறகு சொன்னால் அது மன்னிப்புக் கேட்பதாகாது. அம்மா துணி அலசப் போயிருந்தாள்.

"அப்பா, அன்னைக்கு டாக்டரம்மாட்ட நான் இங்கிலீஷ்ல ஒண்ணு சொன்னேன்லா."

"ஆமா."

"நீங்க குடிப்பீங்கன்னு சொன்னேன்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"டிரிங்க்ஸுன்னு சொன்னியே. அது தெரியாத ஆட்டுக்காரன் எவன் இருக்கான்?" அவர் குரலில் கோபம் இல்லை. ரப்பர் குழாய் மடங்கியிருந்ததைப் பார்த்து, தானே மெல்ல நிமிர்த்திவிட்டுக்கொண்டார். "முதல் தாளுலயும் அதத்தான எழுதியிருந்தாவ? நீ படிச்சுக் காட்டும்போதே உம்மூஞ்சியில தெரிஞ்சுது."

அப்படியானால் அந்த ஐப்பசியிலிருந்து அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் தெரிந்தேதான் என் முன்னால் வந்து வாயைத் திறந்து ஊதியிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிச்சிருங்கப்பா என்று சொல்ல நினைத்தேன், அந்த வார்த்தை எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சொல்லிப் பழகாதது.

"எதுக்கு அழுத? நீ சந்தேகப்பட்டதுகூடப் பெருசு இல்ல மக்கா. ஊரே பட்டுச்சு. உங்கம்மா பட்டா." போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார். "அத நீ தமிழ்ல சொல்லியிருக்கலாம்லா. நான் பதில் சொல்லியிருப்பேன்."